ஊதா வெளுத்த பிறகு

மூலிகைச் சாற்றில் ஒட்சியேற்ற எதிரி (அன்ரிஒக்சிடன்ற்) இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கும் எவரும் முதலில் போய் நிற்பது ஓர் ஊதாக் கரைசலின் முன்தான். டி.பி.பி.எச் என்ற அந்தப் பொருளுக்குள் சாற்றை விட்டால் அரை மணித்தியாலத்தில் ஊதா மங்கி மஞ்சளாகும். பார்க்க வடிவாக இருக்கும், செலவும் குறைவு. அதை வைத்துக்கொண்டு "இந்த இலை உடற்கலங்களைப் பாதுகாக்கும்" என்று முடிவுரையில் எழுதிவிடுகிறார்கள். ஊதா வெளுத்தது உண்மைதான். ஆனால் கலத்தைப் பற்றி அந்தக் குழாய் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தக் குழாயிலிருந்து கலம் வரைக்கும் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். (தமிழ்நாட்டில் செல் என்பதைத்தான் இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து கலம் என்று படிக்கிறோம். அங்கிருந்து வாசிப்பவர்கள் பாத்திரம் என்று எடுத்துவிட வேண்டாம்.) உதாரணத்துக்கு முருங்கையிலையைப் பிடித்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்தில் அது கிடையாத வளவு குறைவு. தேவையான இடத்தில் வல்லாரையும் நெல்லியும் வரும்.

இலையிலேயே பாதிப் பிழை தொடங்கிவிடுகிறது. முருங்கையிலையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். அரைக் கிலோ பச்சை இலை காய்ந்தால் கையில் கிடைப்பது 100 தொடக்கம் 125 கிராம். இதைக் கோடை வெயிலில் முற்றத்தில் பரப்பினால் ஒரே நாளில் மொறுமொறுப்பாகும், ஆனால் நிறமும் போகும், ஒட்சியேற்ற எதிரிகளாக வேலை செய்யும் பல்பீனோல் சேர்வைகளில் ஒரு பங்கும் போகும். மாரியில் வீட்டுக்குள் பரப்பினால் மூன்றாம் நாள் பூஞ்சணம் மணக்கும். நிழலில், காற்றோட்டமாக, சுளகில் ஒற்றைப் படையாகப் பரப்புவதுதான் சரி. மாரி என்றால் 40 பாகையில் உலர்த்தும் அடுப்பு வேண்டும். 60 பாகைக்கு ஏற்றினால் கெதியாகக் காயும் என்ற ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தரம் நிறுத்துப் பாருங்கள். நிறை மாறாவிட்டால் போதும்.

எந்த மாதம் பறித்தது, கொழுந்தா முற்றலா, எந்த மண் என்பதையும் எழுதி வையுங்கள். வெயிலும் வறட்சியும் கூடினால் பல செடிகள் பீனோல் சேர்வைகளைக் கூடுதலாக உண்டாக்கும். பங்குனியில் பறித்த இலையும் கார்த்திகையில் பறித்த இலையும் ஒரே எண்ணைத் தராவிட்டால் அது உங்கள் கைப்பிழையாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. சந்தையில் வாங்கிய வல்லாரை என்றால் தெளித்த பூச்சிமருந்தும் சேர்ந்து சாற்றுக்குள் வரக்கூடும். அது கலத்தைக் கொன்றால் பழி வல்லாரையின் தலையில் விழும். செடியின் அடையாளத்தை ஒரு தாவரவியலாளரிடம் உறுதிப்படுத்தி, அழுத்தி உலர்த்திய மாதிரி ஒன்றை எண் போட்டுச் சேமித்து வைக்கவேண்டும். கீழ்க்காய்நெல்லி என்ற ஒரே பெயரில் பில்லாந்தசு இனங்கள் இரண்டு மூன்று ஒரே வரப்பில் நிற்கும். ஊர்ப்பெயர் ஆய்வுக்குப் போதாது.

அடுத்தது தண்ணீர். இது எங்கள் ஊருக்கே உரிய சிக்கல், வெளியூர் ஆய்வுமுறைகளில் காணமாட்டீர்கள். குடாநாட்டின் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே சாட்சி. அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, தண்ணீர் காரப் பக்கம் சாயும். காரத்தில் பல்பீனோல்கள் கெதியாக ஒட்சியேறிக் கபில நிறமாகும். உப்புக்கணக்கும் உண்டு. ஒரு லீற்றரில் 800 மில்லிகிராம் உப்புக் கரைந்துள்ள கிணற்று நீரில் ஒரு லீற்றர் எடுத்து, அதில் 50 கிராம் தூளைக் காய்ச்சி, வற்றவைத்து உலர்த்தி, 10 கிராம் சாறு எடுத்தீர்கள் என்றால் அந்த 10 கிராமில் அண்ணளவாக 0.8 கிராம் கிணற்று உப்பு. உங்கள் "100 மைக்ரோகிராம் சாறு" உண்மையில் 92தான். நைத்திரேற்றும் கொதித்து ஆவியாகாது, அப்படியே அடியில் நிற்கும். ஆகவே ஆய்வுக்குக் காய்ச்சி வடித்த நீர். கிணற்று நீரில் கசாயம் காய்ச்சினால் என்ன நடக்கிறது என்பதே உங்கள் கேள்வி என்றால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். நல்ல ஆய்வுத் தலைப்பும்கூட.

கரைப்பானைத் தெரிவு செய்யும்போது கேள்வியை மறக்கக்கூடாது. கைதடியில் சித்த மருத்துவம் படிப்பவர்களிடம் கேட்டால் குடிநீர் என்பது நாலில் ஒன்றாகவோ எட்டில் ஒன்றாகவோ வற்றக் காய்ச்சியது என்பார்கள். அந்தக் குடிநீரின் பலனைச் சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மெதனோலில் ஊறவைத்தால், சோதிப்பது வேறொரு பொருளை. மெதனோல் பச்சையத்தையும் கொழுப்புத்தன்மையான சேர்வைகளையும் சேர்த்து இழுக்கும். குடிநீரில் அவை அநேகமாக இல்லை. பொதுவான பயன்பாட்டுக்கு நான் சொல்வது 70 வீத எதனோல்: 10 கிராம் தூளுக்கு 100 மில்லிலீற்றர், இருட்டில் குலுக்கியபடி 24 மணித்தியாலம், வடித்துவிட்டு அதே சக்கையில் இன்னும் இரண்டு தரம். மூன்று வடியையும் சேர்த்துச் சுழல் ஆவியாக்கியில் 40 பாகைக்கு மேல் போகாமல் எதனோலை அகற்றி, மிச்சத் தண்ணீரை உறைய வைத்து உலர்த்த வேண்டும். கிடைத்த நிறையைத் தூளின் நிறையால் வகுத்து விளைச்சல் வீதத்தை எழுதுங்கள். பின்னால் அளவைப் பற்றிக் கதைக்கும்போது அந்த எண் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

முருங்கைக்கு ஒரு தனி விசயம். அதில் குளுக்கோசினோலேற்று என்ற சேர்வைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் நொதியமும் அதே இலையில் வேறோர் அறையில் இருக்கிறது. பச்சை இலையை அரைத்துத் தண்ணீரில் சற்று நேரம் விட்டால் இரண்டும் சந்தித்து ஐசோதயோசயனேற்று உண்டாகும். நேரே கொதிக்கிற கரைப்பானில் போட்டால் நொதியம் செத்துவிடும், குளுக்கோசினோலேற்று அப்படியே நிற்கும். ஒரே மரத்து இலைதான், அரைத்த விதத்தால் இரண்டு வேறு மருந்து. இது ஏன் முக்கியம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

இப்போது ஊதாக் குழாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, அது சொல்லக்கூடியதை மட்டும் கேட்டால் நல்ல கருவி. 3.94 மில்லிகிராம் டி.பி.பி.எச்சை 100 மில்லிலீற்றர் மெதனோலில் கரைத்தால் 0.1 மில்லிமோலர். இதில் 1 மில்லிலீற்றரும் சாறு 1 மில்லிலீற்றரும் சேர்த்து, 30 நிமிடம் இருட்டில் வைத்து, 517 நனோமீற்றரில் அகத்துறிஞ்சல் பார்க்கவேண்டும். சாறு இல்லாத குழாய் 0.55 அளவில் நிற்கும். வைட்டமின் சியை நியமமாக வையுங்கள். டி.பி.பி.எச் ஒரு மூலிகம், அதாவது இணையில்லாத இலத்திரன் உள்ள மூலக்கூறு. ஒரு வைட்டமின் சி மூலக்கூறு இரண்டு டி.பி.பி.எச் மூலிகங்களைத் தாழ்த்தும், அதாவது இலத்திரன் கொடுத்து வெளுக்க வைக்கும். ஆகவே கலந்த பின் 0.05 மில்லிமோலராக நிற்கும் ஊதாவில் பாதியை வெளுக்க 12.5 மைக்ரோமோலர், அதாவது மில்லிலீற்றருக்கு 2.2 மைக்ரோகிராம் அளவு வைட்டமின் சி போதும். உங்களுக்கு 20 வருகிறது என்றால் சாற்றைத் தொடாதீர்கள், முதலில் கரைசல்களைத் திருப்பிச் செய்யுங்கள். 4.4 வந்தால் அநேகமாகக் கலப்பதற்கு முந்திய செறிவை எழுதியிருக்கிறீர்கள். இந்த இரட்டிப்புப் பிழை அச்சில் வந்த கட்டுரைகளிலும் உண்டு.

சாற்றுக்குச் சொந்த நிறம் உண்டு. டி.பி.பி.எச் இல்லாமல் சாறும் மெதனோலும் மட்டும் விட்ட குழாய் ஒவ்வொரு செறிவுக்கும் வேண்டும், அதைக் கழிக்காவிட்டால் கணக்குப் பிழைக்கும். தண்ணீர்ச் சாற்றை மெதனோலுக்குள் விட்டால் புரதமும் பசைத்தன்மையான மாச்சத்துகளும் திரண்டு கலங்கலாகும். கலங்கல் ஒளியை மறைத்து, வெளுத்ததையும் வெளுக்காதது போலக் காட்டும். மையநீக்கியில் சுற்றித் தெளிந்த பிறகு வாசியுங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் கிடைப்பது ஒரு செயற்கை மூலிகத்துக்குச் சாறு இலத்திரனோ ஐதரசனோ கொடுக்கும் என்ற செய்தி மட்டுமே. டி.பி.பி.எச் உடம்பில் இல்லாத பொருள். கலத்துக்குள் அதன் சொந்த ஒட்சியேற்ற எதிரியான குளுட்டதயோன் 1 தொடக்கம் 10 மில்லிமோலர் வரை நிரம்பிக் கிடக்கிறது. அங்கே போய்ச் சேரும் சில மைக்ரோமோலர் தாவரச் சேர்வை, ஐதரொட்சில் மூலிகத்தை ஓடிப்பிடிக்கும் என்று நினைப்பது கடலுக்குள் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிய கதை. அந்த மூலிகம் பக்கத்தில் எது நிற்கிறதோ அதை அந்தக் கணமே தாக்கிவிடும், முருங்கைக்காகக் காத்திருக்காது.

வல்லாரையைப் பாருங்கள். அதன் பெயர் போன சேர்வை ஏசியாற்றிக்கோசைட்டு. அதில் பீனோல் வகை ஐதரொட்சில் கிடையாது, ஆகவே ஊதாவை வெளுக்கிற வேலை அதற்குத் தெரியாது. வல்லாரைச் சாறு வெளுக்கிறது என்றால் அதிலுள்ள வேறு பீனோல் சேர்வைகளால். முருங்கையின் ஐசோதயோசயனேற்றும் அப்படித்தான், ஊதாக் குழாயில் ஊமை. ஆனால் கலத்துக்குள் போனால் அதன் கதை வேறு. கலத்தில் கீப்1 என்றொரு புரதம், என்.ஆர்.எஃப்2 என்ற மற்றொன்றைப் பிடித்துக் கழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1இலுள்ள சிஸ்ரீன் என்ற அமினோ அமிலங்களில் ஐசோதயோசயனேற்றுப் போன்ற ஒன்று ஒட்டிக்கொண்டால் பிடி தளரும். என்.ஆர்.எஃப்2 கருவுக்குள் போய், குளுட்டதயோன் ஆக்கும் நொதியங்கள், ஹீம் ஒட்சிசனேசு 1 முதலான காப்பு மரபணுக்களை எழுப்பிவிடும். அதாவது கலத்தைக் கொஞ்சம் உறுத்துகிற பொருள்தான் கலத்தின் சொந்தக் காவலைக் கூட்டுகிறது. இந்தப் பாதையை 1990களில் யப்பானில் மசாயுகி யமமோட்டோவின் குழு வெளிக்கொண்டு வந்தது. ஊதாக் குழாயை மட்டும் நம்பி இலைகளைத் தரம் பிரித்தால் இந்த வகைச் சேர்வைகளெல்லாம் "பலனில்லை" என்ற பெட்டிக்குள் போய்விடும்.

சரி, கலத்துக்குப் போவோம். ஆய்வுகூடத்தில் வளர்க்கும் ஈரல் கலமான ஹெப் ஜி2 வை உதாரணமாக எடுக்கிறேன். 100 மில்லிகிராம் உலர் சாற்றை டி.எம்.எஸ்.ஓ என்ற கரைப்பானில் கரைத்து 1 மில்லிலீற்றர் ஆக்கினால், அதில் 1 மைக்ரோலீற்றரை 1 மில்லிலீற்றர் வளர்ப்பூடகத்தில் விடும்போது 100 மைக்ரோகிராம் சாறும் 0.1 வீத டி.எம்.எஸ்.ஓவும் வரும். கணக்கு வாயாலேயே போடலாம். டி.எம்.எஸ்.ஓ தானே ஐதரொட்சில் மூலிகத்தைப் பிடிக்கும் பொருள். கலம் வளர்க்கும் தட்டின் எல்லாக் குழிகளிலும், சாறு இல்லாத குழிகளிலும்கூட, அதே 0.1 வீதம் இருக்கவேண்டும். வடிகட்டும் ஊசித்தட்டு செலுலோசு அசற்றேற்றாக இருந்தால் டி.எம்.எஸ்.ஓ அதைக் கரைத்துவிடும், கரைந்த பிளாத்திக்கு கலத்தின் மேல் போகும். டி.எம்.எஸ்.ஓ தாங்கும் பி.ரி.எஃப்.இ வகையைத் தேடி எடுங்கள். சிறு சிறு குழாய்களாகப் பிரித்து உறைய வையுங்கள். மின்சாரம் நின்று வந்து, உருகி மறுபடி உறைந்த குழாயை எறிந்துவிடுவது நல்லது. டி.எம்.எஸ்.ஓ 18.5 பாகைக்குக் கீழே கட்டியாகும். அரைகுறையாக உருகியதிலிருந்து குழாயியால் எடுத்தால் செறிவு என்னவென்று யாருக்கும் தெரியாது.

ஊடகத்தில் சாறு விட்டவுடன் நுண்ணோக்கியில் ஒரு தரம் பாருங்கள். நெல்லி, கடுக்காய் போன்றவற்றின் தனின்கள் ஊடகத்தில் சேர்த்திருக்கும் சீரத்தின் புரதத்தைப் பிடித்துத் திரளும். மேலே தூசு மிதப்பது போலத் தெரிந்தால் உங்கள் 100 மைக்ரோகிராமில் பாதி கலத்தை எட்டவே இல்லை.

இனித் தாக்குதல். ஐதரசன் பேரொட்சைட்டால் கலத்தை வருத்தி, சாறு காப்பாற்றுகிறதா என்று பார்ப்பதுதான் வழக்கம். 30 வீதக் கரைசல் ஏறக்குறைய 9.8 மோலர். ஆனால் போத்தலில் எழுதியிருப்பதை நம்பக்கூடாது, திறந்து வைத்திருந்தால், வெப்பத்தில் கிடந்தால் சிதைந்திருக்கும். 1000 மடங்கு ஐதாக்கி 240 நனோமீற்றரில் குவாட்சுக் கலனில் பார்த்தால் 0.43 அளவு காட்டவேண்டும். 0.3 என்றால் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது. 10 மில்லிலீற்றர் ஊடகத்தில் 200 மைக்ரோமோலர் வேண்டுமானால் அந்த 9.8 மில்லிமோலர் ஐதாக்கலில் 204 மைக்ரோலீற்றர். ஒவ்வொரு நாளும் புதிதாக ஐதாக்குங்கள்.

கன பேர் தடுக்கி விழுகிற கல் இங்கேதான் கிடக்கிறது. "800 மைக்ரோமோலர் விட்டும் கலம் சாகவில்லை, இந்தக் கலம் சரியில்லை" என்பார்கள். ஊடகப் போத்தலின் மட்டையை வாசியுங்கள். சோடியம் பைருவேற்று லீற்றருக்கு 110 மில்லிகிராம் என்றிருந்தால் அது 1 மில்லிமோலர். பைருவேற்று பேரொட்சைட்டுடன் ஒன்றுக்கொன்று தாக்கம் புரிந்து, அசற்றேற்றும் காபனீரொட்சைட்டும் நீருமாகி முடித்துவிடும். உங்கள் 800 மைக்ரோமோலர் கலத்தைத் தொடுவதற்கு முதலே காலி. சீரமும் ஓரளவு அதைத் தின்னும். தாக்கும் நேரத்துக்கு பைருவேற்றும் சீரமும் இல்லாத ஊடகம் வேண்டும். செறிவை மட்டும் எழுதுவதும் போதாது. ஒரே 200 மைக்ரோமோலரை 100 மைக்ரோலீற்றராக விடுவதும் 200 மைக்ரோலீற்றராக விடுவதும் ஒன்றல்ல, இரண்டாவதில் ஒரு கலத்துக்குக் கிடைக்கும் பேரொட்சைட்டு இரட்டிப்பு. குழிக்கு எத்தனை கலம், எவ்வளவு கனவளவு என்பதை எழுதாத செய்முறையை இன்னொருவரால் திருப்பிச் செய்ய முடியாது.

சாற்றையும் பேரொட்சைட்டையும் ஒரே நேரத்தில் விட்டால் இரண்டும் ஊடகத்திலேயே சண்டை பிடித்து முடிக்கும். கலம் பார்வையாளர் மட்டுமே. அது ஊதாக் குழாயைக் கலத்தின் தலைக்கு மேல் செய்தது போலத்தான். சாற்றை முதல் நாள் விட்டு, 24 மணித்தியாலம் வைத்து, வெதுவெதுப்பான உப்புத் தாங்கற் கரைசலால் இரண்டு தரம் வடிவாகக் கழுவி, அதன் பிறகு தாக்குங்கள். அப்படிச் செய்தும் கலம் கூடுதலாகப் பிழைத்தால், கலத்துக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்ல வாய் வரும்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கல்லிக் அமிலம், தேயிலைக் கட்டச்சின்கள் போன்ற பல்பீனோல்கள் வளர்ப்பூடகத்தில் தாமாகவே ஒட்சியேறி ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். பரி ஹாலிவெல்லின் குழு 2000ஆம் ஆண்டளவில் இருந்தே இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. ஒட்சியேற்ற எதிரி என்று நீங்கள் விட்ட பொருள் குழிக்குள் ஒட்சியேற்றியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. செறிவு கூடினால் கலம் சாகும், உடனே "புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் மூலிகை" என்று செய்தி வரும். செறிவு குறைந்தால் அந்தச் சிறு உறுத்தலாலேயே கலத்தின் காவல் கூடி, மறுநாள் தாக்குதலைத் தாங்கும். இரண்டுக்கும் காரணம் இலையா, ஊடகத்தில் உண்டான பேரொட்சைட்டா என்று பிரிக்க வேண்டும். வழி இலகு: சாறு விடும் நேரத்தில் சில குழிகளுக்கு மட்டும் கற்றலேசு நொதியம், மில்லிலீற்றருக்கு 100 அலகு அளவில், சேர்த்து விடுங்கள். கற்றலேசு பேரொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைத்துவிடும். அந்தக் குழிகளில் விளைவு மறைந்துபோனால் உங்கள் சாற்றின் வீரம் ஊடகத்தில் பிறந்தது. கழுவும்போது கற்றலேசு முழுவதும் போகவேண்டும், மிச்சம் நின்றால் அடுத்து விடும் பேரொட்சைட்டையும் அதுவே தின்றுவிடும்.

உயிருள்ள கலத்தை எண்ண எம்.டி.டி என்ற மஞ்சள் சாயத்தை வைத்துச் செய்யும் சோதனை. 1983இல் ரிம் மொஸ்மன் அறிமுகப்படுத்தியது, இன்றும் மலிவானது அதுதான். தாய்க் கரைசல் மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம், குழியில் 0.5. மூன்று நான்கு மணித்தியாலத்தில் மஞ்சள், ஊதாப் பளிங்காகும். டி.எம்.எஸ்.ஓவில் கரைத்து 570 நனோமீற்றரில் வாசிக்கலாம். சிக்கல் என்னவென்றால் எம்.டி.டியைத் தாழ்த்தக் கலம்தான் வேண்டும் என்றில்லை. வைட்டமின் சியும் பல பல்பீனோல்களும் தாமே அதைத் தாழ்த்தும். கலமே இல்லாத குழியில் ஊடகம், சாறு, எம்.டி.டி மட்டும் விட்டுப் பாருங்கள். ஊதா வந்தால் உங்கள் "110 வீதக் கலம் பிழைப்பு" எங்கிருந்து வந்தது என்று விளங்கும். எம்.டி.டி விடுமுன் சாற்றைக் கழுவி எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் செத்த கலத்தை மட்டும் நீலமாக்கும் திரிப்பான் நீலம் போட்டு ஆறுதலாக எண்ணுங்கள்.

கலத்துக்குள் ஒட்சியேற்றம் நடக்கிறதா என்று காட்டப் பயன்படும் டி.சி.எஃப் சாயத்தின் ஒளிர்வைப் பற்றி கட்டாயம் சொல்லவேண்டும், ஏனென்றால் அழகான பச்சைப் படங்கள் எல்லோரையும் மயக்கும். அசற்றேற்று வடிவில் கலத்துக்குள் புகும், உள்ளே எசுத்தரேசு அசற்றேற்றை வெட்டும், ஒட்சியேறியதும் ஒளிரும். 4.87 மில்லிகிராமை 1 மில்லிலீற்றர் டி.எம்.எஸ்.ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலர், குழியில் 10 மைக்ரோமோலர் போதும். 37 பாகையில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, கழுவி, 485இல் தூண்டி 530 அளவில் வாசிக்கவேண்டும். சீரத்திலும் எசுத்தரேசு இருப்பதால் ஏற்றும் ஊடகத்தில் சீரம் இருந்தால் சாயம் வெளியிலேயே வெட்டுப்பட்டுவிடும். பீனோல் சிவப்பும் இல்லாத தெளிந்த தாங்கற் கரைசல் நல்லது. அறை வெளிச்சம் பட்டாலே இது ஒட்சியேறும், தட்டை ஈயத்தாளால் மூடுங்கள்.

"பேரொட்சைட்டை அளந்தேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பேரொட்சைட்டு இந்தச் சாயத்தை நேரடியாக ஒட்சியேற்றுவது மிக மெதுவாக. நடுவில் இரும்போ ஒரு பேரொட்சிடேசு நொதியமோ வேண்டும். ஆகவே இரும்பைப் பிடித்து வைக்கும் ஒரு சாறு எந்த மூலிகத்தையும் தொடாமலேயே ஒளிர்வைக் குறைக்கும். கடும் மஞ்சள் நிறச் சாறு தூண்டும் ஒளியை விழுங்கியும் குறைக்கும். மஞ்சளின் குர்குமின் இன்னும் குழப்பம், அது தானே ஒளிரும். எல்லாவற்றிலும் மோசமானது, கலங்கள் செத்துக் கழன்று கழுவலோடு போய்விட்டாலும் ஒளிர்வு குறையும், அட்டவணையில் அது "சிறந்த ஒட்சியேற்ற எதிரி" ஆகிவிடும். ஒவ்வொரு குழியின் ஒளிர்வையும் அதே குழியின் கல எண்ணிக்கையால் வகுக்காத எண்ணை நான் நம்புவதில்லை. இலிப்பிட்டு ஒட்சியேற்றத்துக்கு 532 நனோமீற்றரில் வாசிக்கும் தயோபாபிற்றூரிக் அமிலச் சோதனையும் அப்படியே, சாற்றிலுள்ள வெல்லங்களும் அதனோடு நிறம் தரும். காப்பு உள்ளிருந்து வந்தது என்று காட்ட விரும்பினால் குளுட்டதயோனை எல்மன் கரைசலால் 412 நனோமீற்றரில் அளப்பதும், வசதி இருந்தால் ஹீம் ஒட்சிசனேசு 1 கூடியதா என்று பார்ப்பதும் பச்சைப் படத்தைவிடப் பெறுமதியானவை.

96 குழித் தட்டில் இவ்வளவும் அடங்குமா என்றால் அடங்கும். ஓரத்து 36 குழிகளையும் கலத்துக்குக் கொடுக்காதீர்கள், எங்கள் சூட்டில் அவை கெதியாக வற்றும். உப்புத் தாங்கற் கரைசலால் நிரப்பி விடுங்கள். மிஞ்சுவது 6 வரிசை, 10 நிரல். முதல் நிரல் ஒன்றும் விடாத கலம். இரண்டாவது 0.1 வீத டி.எம்.எஸ்.ஓ மட்டும். மூன்றாவது டி.எம்.எஸ்.ஓவும் பேரொட்சைட்டும். நான்கு, ஐந்து, ஆறு மூன்று செறிவுச் சாறுகளுடன் பேரொட்சைட்டு. ஏழாவது உச்சச் செறிவுச் சாறு தனியே. எட்டாவது குவெர்செற்றின் போன்ற தெரிந்த சேர்வையுடன் பேரொட்சைட்டு. ஒன்பதாவது கலம் இல்லாமல் சாறும் எம்.டி.டியும். பத்தாவது கலமும் சாறும் இல்லாத வெறும் ஊடகம். மேல் மூன்று வரிசைகள் கற்றலேசு இல்லாமல், கீழ் மூன்றும் சாறு விடும் நேரத்தில் கற்றலேசுடன். குழிக்கு 10,000 கலம், 100 மைக்ரோலீற்றர். பேரொட்சைட்டின் அளவை முன்கூட்டியே 50, 100, 200, 400, 800 என்று ஓட்டி, ஏறக்குறைய பாதிக் கலம் பிழைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். எல்லாக் கலமும் சாகும் அளவில் தாக்கினால் எந்த இலையும் காப்பாற்றாது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. விளைச்சல் 15 வீதம், குழியில் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம் என்று வையுங்கள். 5 லீற்றர் இரத்தத்தில் அதே செறிவுக்கு அரைக் கிராம் சாறு, அதாவது 3.3 கிராம் காய்ந்த இலை, பச்சையாக 15 கிராம் சொச்சம். ஒரு பிடி முருங்கையிலை வறை! கணக்கில் பிழை இல்லை, குடல்தான் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளாது. பல்பீனோல்களில் சிறு பங்குதான் உள்ளே போகும். போவதையும் குடற்சுவரும் ஈரலும் குளுக்குரோனைட்டும் சல்பேற்றுமாக மாற்றிவிடும். கலத்தின் மேல் நீங்கள் ஊற்றியது அந்த மாறிய வடிவம் இல்லை. ஆகவே குழியில் கண்டதை வைத்துக்கொண்டு "தினமும் இவ்வளவு குடியுங்கள்" என்று ஒருவருக்கும் சொல்லாதீர்கள். 1994இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின் கொடுத்தார்கள். குழாயில் அது நல்ல ஒட்சியேற்ற எதிரிதான். எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியது. அது மாத்திரை, கீரை அல்ல. வல்லாரைச் சம்பலுக்குப் பயப்பட ஒன்றுமில்லை, சாற்றைச் செறிவாக்கிக் குளிசையில் அடைப்பவர்தான் யோசிக்கவேண்டும்.

கடைசியாக, எண்ணிக்கை. ஒரே தட்டில் மூன்று குழி என்பது மூன்று தரம் செய்ததாகாது. அது ஒரே பரிசோதனையை மூன்று தரம் வாசித்தது, அதன் வழு உங்கள் குழாயியின் வழு மட்டுமே. வேறு வேறு நாளில், வேறு தலைமுறைக் கலத்தில், முழுத் தட்டையும் மூன்று தரம் செய்தால்தான் மூன்று. இலையையும் மூன்று மரத்திலிருந்து தனித்தனியாகப் பறித்து, தனித்தனியாகச் சாறெடுத்தால் இன்னும் நல்லது. வேலை கூடும் என்பது தெரியும். ஆறு இலைகளை ஒப்பிடுவதாகத் திட்டம் இருந்தால் இரண்டாகக் குறைத்து, மிச்ச நேரத்தை இதற்குக் கொடுங்கள்.